ஸ்ட்ரோபெரி இனிப்பு பிசகினால்: வன்னி அடுப்படிக்கான பிழை நீக்கும் வழிமுறை

நுவரெலியாப் பக்கத்தில் பறித்த ஸ்ட்ரோபெரி, கண்டி தாண்டி ஏ-9 வீதியால் வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ வந்து சேர்வதற்குள் களைத்துப்போகும். மிச்சத்தை எங்கள் வெயில் பார்த்துக்கொள்ளும். கையில் கிடைக்கிற செய்முறைகளில் பல, 20 பாகை செல்சியஸ் குளிரில் நின்று சமைப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. சித்திரையில் 34, 35 பாகை அடிக்கும் அடுப்படியில் அதே அளவு, அதே நேரம் சரிவராது.

இன்னொன்று, இந்தப் பழத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கேக் ஈரமாவது, ஜெலி அழுவது, ஐஸ்கிரீம் கல்லாவது, கிரீம் ஓடுவது எல்லாம் பெரும்பாலும் அந்தத் தண்ணீரின் வேலைதான். ஆகவே செய்முறையைக் குறைசொல்ல முன்னர் தண்ணீரைக் குறைத்தீர்களா என்று பாருங்கள். கீழே பல இடங்களில் ‘சுண்டிய விழுது’ என்று வரும். அதைச் செய்யும் முறை இது.

500 கிராம் பழத்தைக் கழுவி, காம்பு நீக்கி, மிக்சியில் அரையுங்கள். அகலமான எவர்சில்வர் சட்டியின் வெறும் நிறையை முதலே எடுத்துக்கொள்ளுங்கள். விழுதோடு ஒரு மேசைக்கரண்டி சீனி சேர்த்து, நடுத்தர நெருப்பில் கிண்டிக்கிண்டிச் சுண்டவிடுங்கள். 15 முதல் 20 நிமிடத்தில் 250 கிராமுக்கு வரும். அதற்குமேல் போனால் ஜாம் மணம் வந்துவிடும். ஆறவைத்து, சிறு பொதிகளாக உறைநிலைப் பெட்டியில் வைத்தால் மூன்று மாதம் வரை எடுக்கலாம். ஒரு தராசும் ஒரு வெப்பமானியும் இருந்தால் கீழே உள்ளதில் பாதிப் பிழை வராது.

பெட்டிக்குள்ளேயே பழம் கசிகிறது, பூஞ்சணம் பிடிக்கிறது

வாங்கும்போதே பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பாருங்கள். அடியில் சிவப்புச் சாறு ஒட்டியிருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். மேல் வரிசையை மட்டும் பார்த்து வாங்குவதுதான் வழக்கமான ஏமாற்றம்.

வீட்டுக்கு வந்ததும் கழுவக்கூடாது. தோல் மெல்லியது, ஈரம் பட்டால் அடுத்த நாளே சாம்பல் நிறப் பூஞ்சணம் படரும். நசுங்கியதைப் பிரித்து அன்றே விழுதாக்குங்கள். நல்லதைத் துணியோ தாளோ விரித்த பாத்திரத்தில் ஒரே அடுக்காகப் பரப்பி, மூடியை இறுக்காமல் பிரிட்ஜில் வையுங்கள். பாவிக்கும் நேரத்தில் காம்போடு கழுவி, துடைத்து, அதன் பிறகே காம்பைக் கிள்ளவேண்டும். காம்பு போன துளையால் தண்ணீர் உள்ளே போகும்.

ஒரு பழத்தில் பூஞ்சணம் இருந்தால் அதையும் அதை ஒட்டிக்கிடந்தவற்றையும் எறியுங்கள். கெட்ட பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தை அரைக்கிற வேலை வேண்டாம். புளித்த கள்ளு மணம் வந்த பழத்தைச் சீனி போட்டாலும் காப்பாற்ற முடியாது.

நிறம் நல்ல சிவப்பு, வாயில் வைத்தால் புளிப்பு மட்டும்

மாம்பழம்போல வைக்கோலில் வைத்துப் பழுக்கவைக்கலாம் என்று எண்ணவேண்டாம். ஸ்ட்ரோபெரி பறித்த பிறகு இனிக்காது. இரண்டு நாள் வைத்தால் நிறம் கூடும், மென்மையாகும், இனிப்பு அப்படியே நிற்கும். காம்படியில் வெள்ளையாக இருப்பது காயாகப் பறித்ததன் அடையாளம்.

இப்படிப்பட்ட பழத்தைப் பச்சையாகப் பரிமாறாமல் சீனியில் ஊறவையுங்கள். 500 கிராம் வெட்டிய பழத்துக்கு 50 கிராம் சீனி, ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு, பிரிட்ஜில் அரை மணித்தியாலம். சாறு இறங்கியதும் வடித்து, சாற்றை மட்டும் பாதியாகக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, திரும்பப் பழத்தின்மேல் ஊற்றுங்கள். ஏற்கெனவே புளிக்கிற பழத்துக்குத் தேசிக்காயா என்று கேட்கலாம். வாசத்தையும் நிறத்தையும் எழுப்புவது அந்தச் சிறு துளிதான். ஒரு தேக்கரண்டிக்கு மேல் போகவேண்டாம். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஊறினால் துண்டுகள் தொய்ந்துவிடும்.

சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி போட்டால் சுவை நன்றாகத்தான் இருக்கும், நிறம் மண்ணாகிவிடும். பனங்கட்டியைத் தனியாகப் பாணி காய்ச்சி, பரிமாறும்போது பக்கத்தில் ஊற்றுங்கள்.

பால் திரைந்துவிட்டது

இதுதான் அதிகம் நடக்கிற பிழை. பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதம் பி.எச். 4.6 அளவில் திரளும். பி.எச். என்பது புளிப்பைக் காட்டும் எண், அது குறையக் குறையப் புளிப்புக் கூடும். ஸ்ட்ரோபெரியின் பி.எச். அதைவிடக் கீழே, 3.5 அளவில் நிற்கிறது. பால் சூடாக இருந்தால் திரைவது உடனே நடக்கும். ஆகவே கொதிக்கிற பாலில் பழ விழுதை ஊற்றும் எந்தச் செய்முறையும் திரையத்தான் செய்யும். பாலின் தரத்தைக் குறைசொல்லவேண்டாம்.

மூன்று வழி இருக்கிறது. குளிர்ந்த பாலில் குளிர்ந்த விழுதைக் கலந்து உடனே குடிப்பது ஒன்று. மில்க்‌ஷேக் இப்படித்தான் தப்புகிறது, வைத்திருந்தால் அதுவும் திரிதிரியாகும்.

இரண்டாவது, மாவால் பாலைக் கட்டுவது. 500 மில்லிலீற்றர் பாலில் ஒரு பங்கைக் குளிராக எடுத்து, 40 கிராம் கோன்பிளவர் மாவைக் கட்டியில்லாமல் கரையுங்கள். மிச்சப் பாலை 80 கிராம் சீனியோடு சூடாக்கி, கரைத்த மாவை ஊற்றி, தடித்துக் குமிழி வந்தபின் இன்னும் இரண்டு நிமிடம் கிண்டுங்கள். இறக்கி, 50 பாகைக்குக் கீழே வந்ததும் 150 கிராம் சுண்டிய விழுதைச் சேருங்கள். வெப்பமானி இல்லாவிட்டால், பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைச் சுடாமல் பிடித்துக்கொள்ளக்கூடிய அளவு. விழுதைச் சேர்த்த பிறகு திரும்ப அடுப்பில் வைக்கக்கூடாது.

மூன்றாவது ரின்பால். அதில் சீனி அதிகம், தடிப்பும் அதிகம். புளிப்புப் பட்டால் பால்போலத் திரையாமல் இன்னும் கெட்டியாகும். 200 கிராம் ரின்பாலுக்கு 150 கிராம் சுண்டிய விழுது, ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு. கலந்து நாலு மணித்தியாலம் குளிரவைத்தால் கரண்டியால் அள்ளித் தின்னும் பதம் வரும். அடுப்பே தேவையில்லை.

தேங்காய்ப்பாலில் கேசீன் இல்லை. ஆனாலும் முதற்பாலைக் கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரியும். இளஞ்சூட்டோடு நிறுத்துங்கள்.

திரைந்த பாலை என்ன செய்வது? பால் புதிதாக இருந்து, பழப் புளிப்பால் மட்டுமே திரைந்திருந்தால், துணியில் வடித்து, திரளோடு சீனியும் ஏலக்காயும் பிசைந்து உருண்டையாக்கலாம். மிக்சியில் அடித்துச் சரிப்படுத்தப் பார்க்காதீர்கள், மணல்போலத்தான் வரும்.

ஜெலி இறுகவில்லை, அல்லது மேசைக்கு வந்ததும் சரிகிறது

முதலில் என்ன போட்டீர்கள் என்று பாருங்கள். ஜெலட்டின் 35 பாகைக்குக் கீழேயே உருகத் தொடங்கும். எங்கள் மத்தியான வெயிலில் அது மேசையில் நிற்காது. அது ஜெலட்டினின் இயல்பு, உங்கள் கைப்பிழை அல்ல. கடற்பாசி, அதாவது அகர் அகர், 35 முதல் 40 பாகையிலேயே இறுகும், திரும்ப உருக 85 பாகை வேண்டும். மின்வெட்டு வந்தாலும் நிற்கும். விரதக்காரர் வீட்டுக்கும், ஹலால் பார்க்கிறவர்களுக்கும் கேள்வி எழாது. வன்னியில் ஸ்ட்ரோபெரி ஜெலி என்றால் கடற்பாசிதான் சரி.

500 மில்லிலீற்றர் ஜெலிக்கு, தூள் என்றால் 5 கிராம், இழை என்றால் 6 முதல் 7 கிராம். இழையை அரை மணித்தியாலம் ஊறவைத்துப் பிழியுங்கள். 250 மில்லிலீற்றர் தண்ணீரில் போட்டு, ஒரு துகளும் தெரியாமல் கண்ணாடியாக வரும்வரை, மூன்று முதல் ஐந்து நிமிடம், கொதிக்கவையுங்கள். சீனி 75 கிராம் அதன் பிறகே. சீனியை முதலில் போட்டால் கடற்பாசி கரைய மறுக்கும். அடுப்பை நிறுத்திய பின், 250 கிராம் அரைத்த பழத்தை ஊற்றிக் கலந்து அச்சில் ஊற்றுங்கள்.

இறுகவே இல்லை என்றால்: பழத்தையும் கடற்பாசியையும் ஒன்றாகக் கொதிக்கவைத்திருப்பீர்கள். புளிப்போடு சேர்ந்து கொதித்தால் கடற்பாசியின் பிடி அறுந்துவிடும். அல்லது முழுதாகக் கரையமுன் இறக்கியிருப்பீர்கள். 100 மில்லிலீற்றர் தண்ணீரில் 2 கிராம் தூளைத் தனியாகக் கொதிக்கவைத்து, இளஞ்சூடாக்கிய பழக் கலவையில் கலந்தால் மீளும்.

திரிதிரியாக வந்தால்: பழ விழுது பிரிட்ஜ் குளிரோடு போயிருக்கிறது. பட்ட இடத்திலேயே இறுகி நூலாகும். விழுதை 45 பாகை அளவுக்கு இளஞ்சூடாக்கிய பிறகே ஊற்றவேண்டும்.

அடுத்த நாள் சுற்றிலும் தண்ணீர் நின்றால்: கடற்பாசி இயல்பாகவே கொஞ்சம் தண்ணீர் விடும். அளவு கூடி விறைத்திருந்தாலும், வெட்டி வைத்திருந்தாலும் இன்னும் விடும். பரிமாறும் நேரத்தில் வெட்டுங்கள். தேங்காய் முதற்பால் அடுக்கு ஒன்று சேர்ப்பதானால், கீழ் அடுக்கின் மேற்பரப்பு ஆடாமல், ஆனால் தொட்டால் விரலில் ஒட்டும் பதத்தில் இருக்கும்போது இளஞ்சூடாக ஊற்றுங்கள். முழுதாக இறுகிய அடுக்கில் ஊற்றினால் வெட்டும்போது இரண்டாகக் கழன்றுவிடும்.

ஜெலட்டினில்தான் செய்யவேண்டும் என்று நிற்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தோட்டத்துப் பப்பாப்பழமோ அன்னாசியோ பச்சையாகச் சேர்த்தால் ஜெலட்டின் ஒருபோதும் இறுகாது. அவற்றில் உள்ள நொதியம் புரதத்தை அறுத்துவிடும். அந்தப் பழத்தை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்துச் சேருங்கள். ஸ்ட்ரோபெரியால் அந்தத் தொல்லை இல்லை. கடற்பாசி புரதம் அல்ல, ஆகவே அதை அந்த நொதியம் ஒன்றும் செய்யாது.

கிரீம் எழும்பவில்லை, எழும்பியது ஓடுகிறது

பால் கிரீமில் 35 சதவீதம் கொழுப்பு இருக்கவேண்டும், அடிக்கும்போது அதன் வெப்பநிலை 8 பாகையைத் தாண்டக்கூடாது. பெட்டியை முதல்நாள் இரவே பிரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். உறையவிடக்கூடாது, உறைந்த கிரீம் எழும்பாது. பாத்திரத்தையும் அடிக்கும் கம்பியையும் 20 நிமிடம் உறைநிலைப் பெட்டியில் வைத்து, பெரிய தாச்சியில் ஐஸ்கட்டியும் ஒரு பிடி உப்பும் போட்டு, அதன்மேல் பாத்திரத்தை வைத்து அடியுங்கள். விடியக்காலையில் செய்தால் எல்லாமே இலகு. சோளகக் காற்று வீசும் மத்தியானத்தில் காற்றாடியின் கீழ் அடித்தாலும் வராது.

250 மில்லிலீற்றர் கிரீமுக்கு 25 கிராம் ஐசிங் சீனி, ஒரு மேசைக்கரண்டி பால்மா, குளிர்ந்த சுண்டிய விழுது 80 கிராம். அரைத்த பச்சைப் பழத்தை ஊற்றினால் அந்தத் தண்ணீரிலேயே கிரீம் கரைந்துவிடும். அடித்துமுடிந்த பிறகு விழுதை அகப்பையால் மடித்துச் சேருங்கள், திரும்ப அடிக்கவேண்டாம். மணிமணியாகத் தெரியத் தொடங்கினால் இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த திரவக் கிரீமை ஊற்றி மெதுவாகக் கிண்டுங்கள். மஞ்சள் கட்டியும் நீருமாகப் பிரிந்திருந்தால் அது பட்டர், வடித்துப் பாணுக்குப் பூசுங்கள்.

பிறந்தநாள் கேக் மத்தியானம் பந்தலுக்குள் ஒரு மணித்தியாலம் நிற்கப்போகிறது என்றால் பால் கிரீமை விட்டுவிடுங்கள். தாவரக் கொழுப்புக் கிரீம் சுவையில் ஒரு படி கீழே, ஆனால் அதைவிட நேரம் தாங்கும்.

எருமைத் தயிரில் செய்த புடிங் நீர் விடுகிறது

சட்டித் தயிர் கிடைக்கும் ஊரில் கிரீம் சீஸுக்குக் காசு கொட்டத் தேவையில்லை. தயிர் ஏற்கெனவே புளித்துத் திரண்டது, ஸ்ட்ரோபெரி அதை மேலும் திரைக்காது. ஸ்ட்ரோபெரிக்கு இங்கே கிடைக்கும் மிகப் பொருத்தமான துணை இதுதான் என்பது எங்கள் எண்ணம்.

ஒரு லீற்றர் தயிரைத் துணியில் கட்டி, பிரிட்ஜுக்குள் நாலு முதல் ஆறு மணித்தியாலம் தொங்கவிடுங்கள். வெளியில் தொங்கவிட்டால் வெயிலுக்குப் புளித்துப்போகும். ஏறக்குறைய பாதி நிறை மிஞ்சும். 500 கிராம் வடித்த தயிருக்கு 200 கிராம் ரின்பால், 100 கிராம் சுண்டிய விழுது. அடிக்காமல் கிண்டி, சிறு கிண்ணங்களில் ஊற்றி, மூடிக்குத் துணி கட்டி, மெல்லிய நெருப்பில் 25 நிமிடம் அவியுங்கள். நடுவில் சற்று ஆடும்போதே இறக்கவேண்டும்.

துளைதுளையாக வந்து சுற்றிலும் நீர் நின்றால் நெருப்புக் கூடிவிட்டது. வட்டிலப்பத்தில் துளை விழுவதும் இதே காரணத்தால்தான். மேலே மட்டும் நீர் நின்றால் மூடியிலிருந்து சொட்டியது. வெட்டிய பழத்தை இரவே மேலே அடுக்கினாலும் சாறு இறங்கும், உண்ணும் நேரத்தில் வையுங்கள்.

ஐஸ்கிரீம் கல்லாகிறது, நறுக்குநறுக்கென்று பனித்துகள்

பழத்தின் தண்ணீர்தான். 300 மில்லிலீற்றர் அடித்த கிரீம், 200 கிராம் ரின்பால், 200 கிராம் சுண்டிய விழுது, ஒரு சிட்டிகை உப்பு. சீனியைக் குறைக்கவேண்டாம், இனிப்புக்காக மட்டுமல்ல, கல்லாகாமல் காப்பதும் அதுவே. பழத்துண்டு வேண்டுமானால் சீனியில் ஊறி, ஒரு கொதி கொதித்த துண்டாக இருக்கட்டும். பச்சைத் துண்டு பல்லைக் கூசவைக்கும் ஐஸ்கட்டியாகிவிடும்.

மின்வெட்டில் இளகி, ஓரம் மட்டும் கரைந்திருந்தால் திரும்ப உறையவைக்கலாம், ஆனால் துகள் பெரிதாகும். முழுதாகக் கரைந்து சூடேறியிருந்தால் திரும்ப உறையவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டாம்.

ஜாம் இறுகவில்லை

ஒரு கிலோ பழம், 750 கிராம் சீனி, மூன்று மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு. இரவு முழுவதும் பிரிட்ஜில் ஊறவைத்து, சீனி முழுதாகக் கரைந்த பிறகே கொதிக்கவையுங்கள். அகலமான சட்டி, நல்ல நெருப்பு, ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். பதம் 104 முதல் 105 பாகை. அந்த எண் கடல்மட்டத்துக்கு அருகே இருக்கும் எங்களுக்குத்தான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீரே 94 பாகை அளவில் கொதிக்கும், ஜாம் 98, 99இல் பதம் பெறும். மலைநாட்டு உறவினர் சொன்ன எண்ணை இங்கே பின்பற்றினால் ஜாம் பாணியாகவே நிற்கும். வெப்பமானி இல்லாவிட்டால் குளிர்ந்த பீங்கானில் ஒரு துளி விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளுங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் பதம்.

பதம் வந்தும் இறுகவில்லை என்றால், ஜாமை இறுக்கும் பெக்டின் என்ற பழப்பசை போதாது. ஸ்ட்ரோபெரியில் அது இயல்பாகவே குறைவு, கனிந்த பழத்தில் இன்னும் குறைவு. கடைப் பெக்டினைத் தேடி அலையவேண்டாம், வேலியோரத்துக் கொய்யா போதும். செங்காய்க் கொய்யா 150 கிராமைத் துண்டாக்கி, 300 மில்லிலீற்றர் தண்ணீரில் 20 நிமிடம் அவித்து, பிழியாமல் துணியில் வடியுங்கள். அந்த நீரையும் ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாற்றையும் ஜாமில் ஊற்றித் திரும்பப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். விளாம்பழத்திலும் பெக்டின் ஏராளம், ஆனால் அதன் மணம் ஸ்ட்ரோபெரியை விழுங்கிவிடும்.

பழம் மேலே மிதந்தால், அடுப்பிலிருந்து இறக்கிப் பத்து நிமிடம் ஆறவிட்டு, ஒரு தடவை கிண்டிப் போத்தலில் விடுங்கள். சீனி பூத்தால் கொதிக்கமுன் சீனி கரையவில்லை, அல்லது புளிப்புப் போதவில்லை.

நிறம் கறுத்தால் மூன்று இடத்தில் தேடலாம்: அரை மணித்தியாலத்துக்கு மேல் கொதித்தது, அலுமினியச் சட்டியிலோ இரும்புத் தாச்சியிலோ காய்ச்சியது, அல்லது போத்தலை அடுப்படித் தட்டில் மாதக்கணக்கில் வைத்தது. 33 பாகையில் நின்றாலே சிவப்பு மண்ணிறமாகும், ஆகவே பிரிட்ஜில் வையுங்கள். சீனியைக் குறைத்துக் காய்ச்சியவர்கள் கட்டாயம் பிரிட்ஜில் வைத்து, மூன்று கிழமைக்குள் முடிக்கவேண்டும்.

கேக்கில் பழம் அடியில் கிடக்கிறது, சுற்றிலும் வேகாத களி

200 கிராம் கோதுமை மாவுக்கு 150 கிராம் பழம், அதற்குமேல் வேண்டாம். ஒரு சென்ரிமீற்றர்த் துண்டாக வெட்டி, துணியில் ஒற்றி எடுங்கள். மாவில் பிரட்டிப் போடுவதால் பெரிய பயன் இல்லை. கலவை தடிப்பாக இருந்தால் பழம் நிற்கும், ஊற்றக்கூடியதாக இருந்தால் தாழும். மூன்றில் ஒரு பங்குக் கலவையைப் பழமில்லாமல் அடியில் ஊற்றிவிட்டு, மிச்சத்தில் பழத்தைக் கலவுங்கள். 180 பாகை அவணில், பழமில்லாத கேக்கைவிட எட்டுப் பத்து நிமிடம் கூட எடுக்கும்.

பழத்தைச் சுற்றிச் சாம்பல் நீலம்

அப்பச்சோடா கூடிவிட்டது. ஸ்ட்ரோபெரியின் சிவப்பு புளிப்பில்தான் சிவப்பு, சோடாவின் காரம் பட்டால் நீலமாகவும் சாம்பலாகவும் மாறும். சோடாவை விட்டு, 200 கிராம் மாவுக்கு இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போடுங்கள். தயிர் கேக் என்றால் ஒரு கப் தயிருக்கு அரைத் தேக்கரண்டி சோடா போதும். விழுது கலந்த கேக் இளஞ்சிவப்பாக வரும் என்று எதிர்பார்த்து, மண்ணிறமாக வந்தால் அதற்கும் இதே காரணம்தான், அவண் சூடும் சேர்ந்திருக்கும். நிறம் வேண்டுமானால் அதைக் கேக்குக்குள் தேடாமல் மேலே பூசும் கிரீமில் வையுங்கள்.

பழம் போட்ட கேக் இங்கே வெளியில் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. வாடைக் காலக் குளிரிலும் இரண்டாம் நாள் பிரிட்ஜுக்குள் போகவேண்டும்.